மூன்று அங்குலக் கம்பியும் ஒரு ஏக்கர் கம்பியும்

“நில்லுங்க மாப்ள. அறுபது எண்ணி முடிக்கிற வரைக்கும் காலை நகட்டக் கூடாது.”

“மச்சான், அது செத்துப்போன ராக்கெட்டு. அதுக்குப் போயி எதுக்கு இழவு காக்கணும்?”

காமயகவுண்டன்பட்டியில் என் தங்கை வீட்டுத் திராட்சைத் தோட்டம். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. வாய்க்கால் பாதையில் டிராக்டர் நிற்கிறது. அதை ஒட்டி நாங்கள் மூன்று பேர்: நான், என் தங்கை பேச்சியம்மாள், அவள் புருஷன் ராசாங்கம். எங்களுக்கு முன்னால் நூறடி நீளத்துக்குத் திராட்சைப் பந்தல். அதற்கு அப்பால், நாற்று நடாத காலி வயலில், முழங்கால் உயரத்துக்கு ஒரு காகித ராக்கெட். டிராக்டர் பேட்டரியில் ராசாங்கம் கிளிப்பை மாட்டியாயிற்று. மாட்டிய உடனே அது போயிருக்க வேண்டும். போகவில்லை.

அவர் போய்ப் பார்க்கிறேன் என்று காலைத் தூக்கினார். பேச்சி அவர் தோள்துண்டைப் பின்னால் இருந்து பிடித்தாள். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு.

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். ராசாங்கத்தை அப்படியே ஒரு கால் தூக்கியபடி நிறுத்திவைத்துவிட்டு, முந்தைய நாலைந்து மாதக் கதையை நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த அறுபதுக்கு அர்த்தம் இருக்காது.

எண்ணும் வியாதி

போன வாரம் எங்கள் தந்தி அலுவலகத்துப் பூனையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், “பூனை போட்ட குட்டிகளைக் கூட எண்ணி எழுதியிருக்கிறீர்களே, இது என்ன பழக்கம்?” என்று கேட்டிருந்தார்.

தந்திக்காரன் பழக்கம். சாவுச் செய்தியானாலும் கல்யாண வாழ்த்தானாலும் வார்த்தைகளை எண்ணித்தான் வாங்குவோம். அழுதுகொண்டு நிற்கிறவரிடம் போய், “இதில் இரண்டு வார்த்தை கூடுதல், குறைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டே என் உத்தியோகம் ஓடியது. ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். சின்னமனூரில் எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணாமல் படுக்க மாட்டேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, மூன்று முறைதான் பார்த்தேனா என்று சந்தேகப்பட்டு இன்னொரு முறை எழுந்திருப்பேன்.

“அண்ணன் கூட இருந்தா கடிகாரத்துக்குள்ள குடியிருக்க மாதிரி இருக்கு” என்பாள் பேச்சி.

மிச்சம் ஒன்று

ராசாங்கம் கிளிகளை விரட்டத்தான் முதலில் வாணம் விட்டார். பழம் கனியும் பருவத்தில் பச்சைக் கிளிகள் கூட்டமாக இறங்கி, கொத்துக்கு நாலு பழம் கடித்துவிட்டுப் போகும். தின்றாலாவது பரவாயில்லை, கடித்துப் போடும். வாணம் சீறினால் கிளிகள் அடுத்த தோட்டத்துக்குப் போகும். அடுத்த தோட்டத்துக்காரர் விட்டால் இங்கே வரும்.

பருவம் முடிந்தது. கிளிகள் போயின. ராசாங்கம் மட்டும் வாணத்தை விடவில்லை. கல்லூரியில் இரண்டு வருடம் அறிவியல் படித்துவிட்டு, அப்பா இறந்ததால் தோட்டத்துக்குத் திரும்பியவர் அவர். அந்தப் படிப்பு உள்ளே எங்கோ விழித்துக்கொண்டது. காகிதக் குழாய் சுற்றினார். தக்கையில் கூம்பு செதுக்கினார். அட்டையில் மூன்று இறக்கை வைத்தார். மேலே போனதும் விரிந்து இறங்குவதற்குப் பேச்சியின் பழைய நைலான் சேலையில் ஒரு குடை வெட்டினார். மருந்துக்குழாயை மட்டும் வாணக்காரரிடம் ஆயத்தமாக வாங்கிவிடுவார். அதில் அவர் கை வைத்ததில்லை. அந்த மட்டுக்கும் நல்லவர்.

திரியை ஊதுபத்தியால் பற்ற வைப்பார். ஒரு நாள் திரி பிடித்த மாதிரி இருந்து அணைந்துவிட்டது. குனிந்து பார்த்தார். அணையவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார்கள். இடது கண் போய்விட்டது.

திரும்பி வந்த அன்று பேச்சி ராக்கெட் சாமான்கள் இருந்த சாக்கைத் தூக்கிப் பரணில் போட்டாள். அழவில்லை, திட்டவும் இல்லை. “மிச்சம் இருக்கது ஒண்ணு” என்று மட்டும் சொன்னாள்.

பலகையில் ஏழு ஆணிகள்

அந்தச் சாக்கு பரணிலிருந்து எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, மோட்டார் ரூமில் ஒரு பலகையும், அதில் வரிசையாக ஏழு ஆணிகளும், முதல் ஒன்றிரண்டு ஆணிகளில் கம்பித் துண்டும் இருந்தன. எல்லாம் மூன்று அங்குலம். மற்ற ஆணிகள் காலி.

“மச்சான், இனிமே கையால பத்த வைக்கவே போறதில்ல. கரண்ட்டு. இங்கன இருந்து கம்பிய மாட்டுனா, அங்கன இருக்க சின்னக் கம்பி சூடாகிப் பழுத்து மருந்தப் பிடிக்கும். நாம நூறடி தள்ளி நிக்கலாம். கண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“பேச்சிக்குத் தெரியுமா?”

“எந்தக் கம்பின்னு தெரிஞ்சதும் சொல்லிருவேன்.”

அப்படித்தான் நானும் அதில் மாட்டிக்கொண்டேன். கம்பி, பேட்டரி என்றால் தந்திக்காரனால் சும்மா இருக்க முடியாது. அவர் மாட்டுவார், நான் எண்ணுவேன். எந்தக் கம்பி எத்தனை எண்ணிக்கையில் சிவக்கிறது, சிவந்த பிறகு எத்தனை எண்ணிக்கை தாங்குகிறது. இந்த இரண்டும்தான் கேள்வி.

முதலில் டார்ச் செல்லில் பந்தல் கம்பி. திராட்சைக்காரருக்குக் கம்பி என்றாலே அதுதான். முன்னூறு வரை எண்ணினேன். கம்பி சூடாகவில்லை. டார்ச் செல்தான் சூடானது.

செம்பு இழை ஒன்றை வயரிலிருந்து உருவி மாட்டினார். செல்லுக்கு அது அசையவே இல்லை. டிராக்டர் பேட்டரியில் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. செம்பு மின்சாரத்தை வழிவிட்டு அனுப்பிவிடும். நமக்கு வேண்டியதோ வழிமறிக்கிற கம்பி.

ஃபியூஸ் கம்பி என் யோசனை. அது சட்டென்று உருகி, ஈயச் சொட்டாகப் பலகையில் விழுந்தது. வீட்டுக்கு ஆபத்து வருமுன் தான் செத்துப்போவதற்கென்றே செய்த கம்பி. அது யாரையும் எரிக்காது. எனக்கு அந்தக் கம்பியின் மேல் மரியாதைதான் வந்தது.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் ஓர் இழை. மத்தாப்பு மாதிரி பொரிந்தது. ராசாங்கம் குதித்தார். அடுத்த இழை வெறுமனே அறுந்தது. மூன்றாவது பொரிந்தது. பத்து இழையில் ஆறு பொரிந்தன, நாலு அறுந்தன.

“ஆறு பாஸ் மச்சான்!”

“பரீட்சைக்கு ஆறு போதும் மாப்ள. இதுக்குப் பத்தும் வேணும். போகாத நாலுலதான் நீங்க கிட்டப் போயிப் பாப்பீக.”

அவர் கருப்புக் கண்ணாடியை ஒரு முறை சரி செய்துகொண்டார்.

ஹீட்டர் அடுப்பின் சுருள் ஐந்தாவது. நிக்ரோம் என்கிற கலப்பு உலோகம். நன்றாக வழிமறிக்கும், சிவந்தால் சிவந்தபடியே நிற்கும், உருகாது. ஆனால் தடிமன். இருபது எண்ணிய பிறகுதான் லேசாக நிறம் மாறியது.

“இதே சரக்கு, ஆனா முடி மாதிரி வேணும்” என்றார் ராசாங்கம்.

ஆறாவது கம்பி

ஆறாவதாக ஆணியில் இருந்தது, பார்த்தவுடன் எனக்குப் பிடிபடவில்லை. மஞ்சளாக, மெல்லியதாக, அழகாக மின்னியது. நான் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காப்பி கொண்டுவந்த பேச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அது என்ன அண்ணே கையில?”

நான் ராசாங்கத்தைப் பார்த்தேன். ராசாங்கம் மோட்டாரைப் பார்த்தார்.

“என் முகூர்த்தச் சேலை ஜரிகை மாதிரி இருக்கு.”

“மாதிரி இல்ல ஆத்தா” என்றார் அவர். “ஓரத்துல ஒரே ஒரு இழைதான்.”

“அடப் பாவி மனுசா! இருபத்தஞ்சு வருசமா நாப்தலீன் உருண்டை போட்டு வச்சிருக்கேன், பூச்சி கூட அதுல வாய் வைக்கல!”

அப்புறம்தான் பலகையைப் பார்த்தாள். பேட்டரியைப் பார்த்தாள். மூலையில் சாக்கைப் பார்த்தாள். காப்பியைத் தரையில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. புருஷனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

“ஒரே ஒரு தடவை. என் கண்ணு முன்னால. இவுக தொடக் கூடாது, கிட்டப் போகக் கூடாது. மாட்டுனதும் அது தானா போகணும். போச்சுன்னா அதுக்கப்புறமும் விட்டுக்கட்டும். போகலைன்னா சாக்கோட வாய்க்கால்ல விட்டுருவேன். நீயும் வந்து நிக்கணும், சொல்லிட்டேன்.”

ஜரிகையை மாட்டிப் பார்த்தோமா என்று கேட்பீர்கள். பார்த்தோம். அவள் போன பிறகு. புகைந்து கருகியது. உள்ளே இருப்பது பட்டு நூல்.

ராவுத்தர் கடை

முடி மாதிரி நிக்ரோம் தேடி நான் கம்பம் போனேன். அங்கே ராவுத்தர் ஒருவர் ரேடியோ, மிக்ஸி ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். என்னை எப்போதும் தந்தி சார் என்பார்.

“எதுக்கு சார் இம்புட்டு மெல்லிசா?”

“ராக்கெட் விட.”

அவர் கையிலிருந்த மிக்ஸியைக் கீழே வைத்தார். “எம்புட்டுத் தூரம் போகும்?”

“தென்னமரத்துக்கு மேல.”

“அம்புட்டுதானா? நான் எங்க மச்சினன ஏத்தி விடலாம்னுல்ல பாத்தேன்.” பழைய சாமான் பெட்டியைக் கிண்டி, செத்துப்போன சால்டரிங் அயர்ன் ஒன்றை எடுத்தார். “இதுக்குள்ள சுத்தியிருக்கு, பாத்துப் பிரிங்க. தும்முனா அந்துரும்.”

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, தும்மல் வரக் கூடாதே என்ற கவலையோடு உத்தமபாளையம் தாண்டினேன்.

அதுதான் ஏழாவது ஆணிக்கு வந்தது. ‘ஒன்று’ என்றேன், நிறம் மாறியது. ‘இரண்டு’ என்றேன், செக்கச்செவேல் என்று பழுத்தது. முப்பது வரை அப்படியே நின்றது. பத்துத் துண்டு மாட்டினோம், பத்து முறையும் அதே இரண்டு. ராசாங்கம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது கல்யாணத்தில் கூட இல்லை.

ஒற்றைக் கம்பி

இனி தோட்டத்துக்குத் திரும்புவோம்.

அன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. பேட்டரியிலிருந்து ராக்கெட்டுக்குச் செம்பு வயர் ஒன்று தரையில் ஓடியது. ஒன்றுதான்.

“திரும்பி வர்ற வயர் எங்க மாப்ள?”

ராசாங்கம் பந்தலைக் காட்டினார். “ஒரு ஏக்கருக்குக் கம்பி மேல பரப்பி வச்சுக்கிட்டு, கீழ தனியா எதுக்கு ஒண்ணு? ராக்கெட்டுல இருந்து அந்தக் கடைசியில பந்தல் கம்பிக்கு ஒரு கிளிப்பு. இந்தக் கடைசியில பந்தல் கம்பியில இருந்து பேட்டரிக்கு ஒரு கிளிப்பு. நீங்கதான சொன்னீக, தந்திக்கு ஒத்தக் கம்பிதான், திரும்புறதுக்கு மண்ணே போதும்னு.”

சொன்னதுதான். ஆனால் மண்ணுக்கு யாரும் மருந்து அடிப்பதில்லை.

கிளைகளை நறுக்கும் கவாத்து முடிந்து இலை விட்டிருந்த மாதம் அது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை வாரம் தவறாமல் அடித்திருந்தார்கள். இலையெல்லாம் நீலப் புள்ளி. கம்பியெல்லாம் வெளுத்த நீலத்தில் ஒரு பொருக்கு, சட்டியில் ஒட்டிய சோறு மாதிரி. அதன் வழியே கரண்ட் போகாது. திராட்சைக்காரர் கண்ணுக்கு அது தெரியாது. பந்தல் என்றால் அந்த நிறம்தான்.

“சுரண்டினீகளா?”

“கிளிப்பு நல்லாக் கடிச்சிருக்கு மச்சான். நீங்க வேற.”

ராசாங்கம் மாட்டினார்.

நாங்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்தது மூன்று அங்குலக் கம்பியை. ஏமாந்தது ஒரு ஏக்கர் கம்பியிடம்.

போகவில்லை என்றதும் நான் பேட்டரிக் கிளிப்பைக் கழற்றக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கழட்டாதீக. கரண்ட்டு இருந்தாத்தான எங்க விட்டுருக்குன்னு தெரியும்?”

இது அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் மெயினை நிறுத்த மாட்டார்கள். கரண்ட் இருக்கும்போதே டெஸ்ட் பல்பை வைத்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தேடுவார்கள். ராசாங்கத்தின் சட்டைப் பையிலும் பல்பு இருந்தது.

“அப்ப நான் எண்ணுறேன். அறுபது. அதுக்கு முன்னால ஒரு அடி போகக் கூடாது.”

“அறுபதுக்கு அப்புறம் என்ன ஆகப்போகுது?”

“தெரியாது. நில்லுங்க.”

கிளிப்பில் அவர் ஜெயித்தார். எண்ணிக்கையில், பேச்சி துண்டைப் பிடித்திருந்ததால், நான் ஜெயித்தேன்.

நாற்பத்தொன்று

பத்து வரை ராசாங்கம் கேலி பேசினார். “மச்சான், நடுவுல விட்டுட்டீக, மறுபடி ஆரம்பிங்க.” இருபதில் அலுத்துக்கொண்டார். முப்பதில் பேச்சியிடம், “ஏ, துண்டு கிழியப் போகுது” என்றார். அவள் இன்னும் ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டாள்.

முப்பத்தெட்டில் தவிட்டுக்குருவிகள் வந்தன. பந்தலின் அந்தக் கடைசியில், வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டே, ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் உட்கார்ந்தன. வழக்கம்போல நான் அவற்றையும் எண்ணினேன். ஏழு. ஏழாவது உட்கார்ந்ததும் கம்பி ஒரு ஆட்டம் ஆடியது. அந்த ஆட்டத்தில் கிளிப்பின் பல் பொருக்கைக் கீறியிருக்க வேண்டும்.

“நாப்பத்தொண்ணு” என்றேன்.

சீறிக்கொண்டு கிளம்பியது. குருவிகள் சிதறின. தென்னைகளைத் தாண்டி, மேகமலைப் பக்கத்து நீலத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டு, உச்சியில் சிறிதாக ஒரு சத்தம். ரோஜா நிற நைலான் குடை விரிந்தது. ஆடி ஆடி இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் கை தட்டவில்லை.

குடை தரையைத் தொட்ட பிறகு பேச்சி கேட்டாள். “நாப்பத்தொண்ணா அண்ணே?”

“ஆமா.”

“இவுக அப்பவே நடந்திருந்தா, எத்தனையில அங்கன போயிருப்பாக?”

தூரத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல வரவில்லை. “இருபத்தஞ்சு.”

அவள் விரல் மடக்கினாள். “அப்ப மிச்சம் பதினாறு குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்திருப்பாக.”

ராசாங்கம் பேட்டரியில் இருந்த கிளிப்பைக் கழற்றினார். டிராக்டர் படியில் உட்கார்ந்து, கருப்புக் கண்ணாடியைக் கழற்றி, நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“போதும் பேச்சி. வாய்க்கால்ல விட்டுரு.”

அவள் துண்டை விடவில்லை. “விட்டா?”

“விட்டுரு. நானே சொல்றேன்ல.”

“நாலு மாசம் கம்முனு இருப்பீக. அப்புறம் மலையடிவாரத்துல போயி ஒளிச்சு வச்சுச் செய்வீக. ஜரிகை உருவுன ஆளுதான நீங்க? ஒளிச்சுச் செய்யிறப்ப அங்கன யாரு எண்ணுவா?”

அவள் கையில் சுற்றிய துண்டைப் பிரித்து அவர் தோளில் போட்டாள்.

“இங்கனயே விடுங்க. வயரு ரெண்டு, ரெண்டும் செம்பு. போகலைன்னா மொதல்ல கிளிப்பக் கழட்டணும். அப்புறம் அறுபது. அண்ணன் வராத அன்னைக்குக் கிடையாது.” அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “நீ காப்பி குடிச்சியா இல்லையா?”

அதன் பிறகு

அன்றிலிருந்து சில வருடங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போன் வரும். “மச்சான், ஞாயித்துக்கிழமை எண்ண வாறீகளா?” வார்த்தைகளை எண்ணக் கூப்பிடுவார் யாரும் இல்லாமல் போன காலம் அது. நான் சனிக்கிழமையே கிளம்பிவிடுவேன். மொத்தம் இருபத்தேழு ராக்கெட். மூன்று போகவில்லை. மூன்று முறையும் கிளிப்பைக் கழற்றி, அறுபது எண்ணி, பிறகும் எனக்கு மனசு கேட்காமல் இன்னொரு அறுபது எண்ணினோம்.

ராக்கெட் விடுவது தானாகவே நின்றுபோனது. அந்த ஒற்றைக் கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. மேலே போவது தெரியாதபோது எதற்கு விடுவது?

போன வருடம் தேனியில் ஆபரேஷன். சாதாரண ஆபரேஷன்தான், இப்போதெல்லாம் எல்லாருக்கும் செய்கிறார்கள். ஆனால் எல்லாருக்கும் இன்னொரு கண் இருக்கிறது. கதவு சாத்தியதும் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த பேச்சி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“எண்ணுண்ணே” என்றாள்.

எண்ணினேன். அறுபது வந்தது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் கையை உயர்த்தி, “எத்தனை விரல் தெரியுது ஐயா?” என்றார்.

ராசாங்கம் சுற்றிலும் பார்த்தார். சுவரை, ஜன்னலை, பேச்சியை. அவளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

“மூணு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க எத்தனையில நிறுத்துனீக மச்சான்?”

“இன்னும் நிறுத்தல மாப்ள” என்றேன்.